மூட்டாத சாரம்

போன மாதம் கர்க்லாண்டில் ஒரு வீட்டில் கூடியிருந்தோம். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். முழங்கால் நோவு, கொலஸ்டிரோல், பிள்ளைகளின் கலியாணம், இவற்றை விட்டால் நமக்கு வேறு கதை ஏது? வீட்டுக்காரர் இடுப்பில் சாரத்தோடு சோபாவில் சாய்ந்திருந்து உலக அரசியலைப் பிய்த்து உதறிக்கொண்டிருந்தார். மணி அடித்தது. வந்தது பீட்சா கொண்டுவந்த பெடியன். கதவுக் கண்ணாடியில் அவனுடைய தொப்பி தெரிந்ததுதான் தாமதம், வீட்டுக்காரர் சாரத்தை ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினார். அவர் லோங்ஸ் போட்டுக்கொண்டு இறங்கி வருவதற்குள் மனைவி பீட்சாவை வாங்கிக் கதவையும் சாத்திவிட்டார்.

"வந்து நாப்பது வருசமாச்சு. இவருக்கு இன்னும் உந்த வெக்கம் போகேல்லை" என்றார் மனைவி.

நாம் வயிறு நோகச் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "ஏன் பேசாமல் இருக்கிறீர்?" என்று உங்களில் இரண்டு பேர் கேட்டீர்கள். தலையிடி என்று சொல்லித் தப்பினேன். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

இந்தப் பிரெஞ்சு நகரத்துக்கு வந்து பார்க்-எக்ஸ்டென்ஷனில் நாங்கள் இருந்த அந்த வீட்டை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். மூன்று மாடிக் கட்டடத்தின் நடு மாடி. முன்பக்கம் தெருவுக்கு இறங்கும் இரும்புப் படி, பின்பக்கம் சமையலறையை ஒட்டி ஒரு பலகை பல்கனி. பல்கனியிலிருந்து சந்துக்குக் குறுக்காக எதிர்க் கம்பத்துக்கு ஓடும் துணிக்கொடி. கொடியை இழுத்தால் கப்பி கிறீச்சிடும். கோடையில் சந்து முழுக்கக் கிரேக்க வீடுகளில் மீன் பொரிக்கிற மணமும் நம்மவர் வீடுகளில் கறித்தூள் வறுக்கிற மணமும் கலந்து நிற்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான்.

ஊரில் அப்பா கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், கிளாக்கர். இங்கே நகரத்துக்குள் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். ஆனால் மெத்ரோவில் ஏறும்போது அவரைப் பார்த்தால் கச்சேரிக்குப் போகிறார் என்றுதான் நினைப்பீர்கள். முழுக்கைச் சேட்டு, லோங்ஸ், பழைய ஆனால் மினுக்கிய சப்பாத்து. கடைக்குப் போய் அங்கே உடுப்பு மாற்றுவார். "நாலு சனம் பாக்கிற இடம்" என்பது அவருடைய மந்திரம். அந்த நாலு சனம் யார் என்று நான் எவ்வளவு யோசித்தும் கண்டுபிடிக்கவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் சாரம். அந்த மாற்றத்தைப் பார்க்க எனக்கு ஆசை. சாரத்தைத் தலைக்கு மேலால் போட்டு, ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, உள்ளே லோங்ஸைக் கழற்றிக் காலால் ஒதுக்குவார். பிறகு வயிற்றில் ஒரு இழுப்பு, ஒரு மடிப்பு, ஒரு சொருகல். அவ்வளவுதான், முகமே மாறிவிடும். நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தால் இரு முழங்கால்களுக்கும் நடுவில் சாரம் ஏணைபோலத் தாழும். தம்பி அதற்குள் கிடந்து காலை உதைப்பான். அந்த வயதிலும் நான் அவனைத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்திருக்கிறேன். சோப்பும் வியர்வையும் கலந்த அந்தத் துணியின் மணம் இன்றைக்கும் எனக்கு மூக்கில் நிற்கிறது.

மணி அடித்தால் மட்டும் அந்த அப்பா மறைந்துவிடுவார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வந்தவர் தமிழரென்றால் லோங்ஸோடு வெளியே வருவார், வெள்ளைக்காரரென்றால் வரவே மாட்டார். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. எங்கள் தெருவில் ஒருவர் ஒரு நாள் அவசரத்துக்குச் சாரத்தோடு மூலைக்கடைக்கு, இங்கே தெப்பனர் என்பார்களே, அங்கே பால் வாங்கப் போனார். அதை ஒரு தமிழ்க் கண் கண்டுவிட்டது. கிழமை முடிவதற்குள் அவருக்குச் 'சாரத்தார்' என்று பெயர் விழுந்தது. அவருடைய மகளின் கலியாணத்தில்கூட "சாரத்தாற்றை மோள்" என்றுதான் சனம் கதைத்ததாம். நம் சனத்தின் வாய் உங்களுக்குத் தெரியாததா?

கீழ் வீட்டில் இருந்தவர்தான் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். வாடகை வாங்குவது, குழாய் திருத்துவது, பனி வழிப்பது எல்லாம் அவர்தான். பிரெஞ்சில் அந்த வேலைக்கு 'கொன்சியெர்ஜ்' என்று பெயர். அம்மாவின் வாயில் அது 'கொஞ்சியார்' ஆகிவிட்டது. ஊரில் வைத்தியரைப் பரியாரியார், தலைவரை விதானையார் என்பதுபோலக் கொஞ்சியார். எங்களுக்கு அவர் கடைசி வரையும் கொஞ்சியார்தான். பசிபிக் கடலுக்கு நடுவில் வலிஸ் என்ற ஒரு சின்னத் தீவு அவருடைய ஊர். பிரெஞ்சுக்காரரின் கப்பலில் வேலை செய்து, இந்த ஊர்ப் பெண் ஒருத்தியைக் கட்டி, அவள் செத்துப்போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். கதவு நிலையை அடைக்கிற உடம்பு. சத்தம் மட்டும் மெல்லியது.

அவரும் சாரம் உடுத்தார். எங்களைத் திகைக்க வைத்தது அதுதான். அவர்கள் அதை 'மனூ' என்பார்கள். எங்கள் சாரத்தில் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்து விடுவோமே, மூட்டுவது என்கிறோமே, அது அவருடையதில் கிடையாது. விரித்தால் மேசைத்துணிபோல ஒரே துண்டு. சிவப்பிலோ நீலத்திலோ பெரிய பெரிய வெள்ளைப் பூ. அதை இடுப்பில் சுற்றி, மேலே அகலமான ஒரு பெல்ட் கட்டி, வெள்ளைச் சேட்டும் செருப்பும் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்படியால் இறங்கித் தேவாலயப் பூசைக்குப் போவார். தெருவில் எல்லோருக்கும் "போன்ஜூர்" சொல்லுவார். எல்லோரும் அவருக்குச் சொல்லுவார்கள்.

"கோயிலுக்குச் சாரத்தோட போற மனுசன்" என்று அப்பா யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று சொல்லுவார். "குளிக்கிற உடுப்புக்கும் கும்பிடுற உடுப்புக்கும் வித்தியாசம் தெரியாத சனம்."

"அது சாரமும் இல்லை. பொம்பிளையளின்ரை சீத்தைத்துணி" என்பார் அம்மா.

ஒருநாள் காற்றில் அப்பாவின் கட்டம்போட்ட சாரம் கொடியிலிருந்து கழன்று கீழ்ப் பல்கனியில் விழுந்துவிட்டது. எடுத்துவர என்னை அனுப்பினார்கள். கொஞ்சியார் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முனையைத் தேடியிருக்கிறார், சுற்றிச் சுற்றி வந்தும் முனை அகப்படவில்லை. நான் சின்னக் கையை உள்ளே விட்டு மூட்டிய தையலைக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதற்குள் எப்படிப் புகுவது? மேலாலா, கீழாலா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"மேலால்" என்றேன்.

"உன் அப்பாவை நான் இதில் ஒருநாளும் பார்த்ததில்லையே" என்றார்.

நான் சாரத்தை வாங்கிக்கொண்டு படியேறினேன். மேலே வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

யூலை மாதம் அப்பாவுக்கு விபத்து நடந்தது. கடையின் குசினியில் கொதிக்கிற சூப்புச் சட்டி ஒன்று கவிழ்ந்து இடது காலில் தொடையிலிருந்து பாதம் வரை ஊற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டி அனுப்பினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுக்குக் கிட்டிய கிளினிக்கில் கட்டை மாற்ற வேண்டும் என்றார்கள். கிளினிக் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது.

முதல் நாள் நான்தான் கூடப் போனேன். பிரெஞ்சு எனக்குத்தானே வரும். அப்பா லோங்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு தெருவுக்கு இடையில் மூன்று இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். போய்ச் சேர்ந்தபோது துணியும் கட்டும் புண்ணும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. அதைப் பிரித்தெடுக்கும்போது அப்பா மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தாதி நல்லவள். கண் கலங்கிவிட்டாள். கலங்கியதை மறைக்கத்தான் பகிடி விட்டாளோ என்று இப்போது தோன்றுகிறது.

"இனி இதைப் போட்டுக்கொண்டு வரக்கூடாது என்று சொல்லு. அரைக்காற்சட்டை போடட்டும். இல்லாவிட்டால் அம்மாவின் பாவாடையைக் கட்டிக்கொண்டு வரட்டும்" என்றாள்.

அதை நான் தமிழில் சொன்னேன். அப்பா தாதியைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்ததும் அம்மாவிடம் சொன்னார்:

"நான் இனி அங்கை போகேல்லை. நீ வீட்டிலை கட்டிவிடு."

"என்னப்பா கதை இது? புண்ணெல்லோ."

"அரைக்காற்சட்டை போடச் சொல்லுறாளவை. நானென்ன பள்ளிக்கூடப் பெடியனே? பாவாடை கட்டட்டாம்."

"சாரத்தோட போங்கோவன். தெரு ரண்டுதானே."

"சாரத்தோடயோ?" என்றார் அப்பா. "சாரத்தாருக்கு ஒரு கூட்டாளி கிடைச்சிட்டான் எண்டு சனம் சிரிக்கட்டும், என்ன?"

அம்மா அதற்குமேல் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று எனக்கு நெடுங்காலம் ஆத்திரம் இருந்தது. ஆனால் அம்மாவும் அதே சனத்துக்குள் வளர்ந்தவர்தானே. அவருக்கும் அந்தச் சிரிப்பு காதில் கேட்டிருக்கும்.

வீட்டு வைத்தியம் தொடங்கியது. உப்புத் தண்ணி, மஞ்சள், பழைய சேலையைக் கிழித்துக் கட்டிய கட்டு. உடம்பு தேற வேண்டுமென்று அம்மா காலையும் மாலையும் முட்டைக்கோப்பி அடித்துக் கொடுத்தார். நுரை பொங்கப் பொங்க, சீனியை அள்ளிக் கொட்டி. அப்பாவுக்கு அடங்காத தாகம். சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தார், அடிக்கடி சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்குப் போனார். வெயில் காலம், தாகம் வரத்தான் செய்யும் என்று நினைத்தோம். இன்றைக்கு நம்மில் யாருக்காவது அப்படித் தாகம் எடுத்தால் அடுத்த நாளே விரலில் குத்திச் சீனி பார்த்துவிடுவோம். அப்போது அம்மாவுக்கு அது தெரியாது. அன்பைத்தான் கரைத்துக் கொடுத்தார்.

அந்த வருடம் வெக்கை தாங்க முடியாமல் இருந்தது. யன்னல் எல்லாம் திறந்திருந்தும் வீட்டுக்குள் ஒரு மணம் வந்துவிட்டது. அழுகிய வெங்காயத்தின் மணம்போல ஒன்று. தம்பி முன்போல அப்பாவிடம் தவழ்ந்து போவான். அம்மா ஓடிப்போய்த் தூக்கிவிடுவார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறதென்று கொஞ்சியார் வந்தார். அறைக்குள் ஓட அப்பாவால் முடியவில்லை. சாரத்தை இழுத்துக் காலை மூடிக்கொண்டு கதிரையிலேயே இருந்தார். கொஞ்சியார் குழாயைத் திருத்திவிட்டுப் போகும் வழியில் நின்றார். மூக்கில் பட்டிருக்க வேண்டும். அப்பாவின் முன்னால் நிலத்தில் குந்தினார். அந்தப் பெரிய உடம்பு குந்தியதும் இரண்டு பேருடைய முகமும் நேருக்கு நேராக வந்தது.

"நீ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்" என்றார் பிரெஞ்சில். "இப்படியே வா. இந்த உடுப்போடேயே. நான் கூட வருகிறேன்."

நான் அதை அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பேந்து போறன் எண்டு சொல்லு" என்றார்.

கொஞ்சியார் எழும்பவில்லை. தன் ஊர்க் கதை ஒன்றைச் சொன்னார். அவருடைய மாமன் ஒருவருக்கு ஒரு கால் மரக்குற்றிபோல வீங்கியிருந்ததாம். அந்தத் தீவில் நுளம்பு கடித்து வரும் அந்த வருத்தம் பலபேருக்கு உண்டாம். மாமன் நல்ல மனூ ஒன்றைச் சுற்றிக்கொண்டு, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய் முன்வரிசையில் இருப்பாராம். துணி தாராளமாக இருக்கிறது, எந்தக் காலுக்கும் இடம் கொடுக்கும், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்றார். நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். வீங்கிய கால் என்றதும் அம்மா, "யானைக்கால்" என்று மெல்லச் சொன்னார்.

அப்பாவின் முகம் கறுத்தது.

"யானைக்கால்காரனோட என்னைச் சேர்க்கிறான்" என்றார். "மெர்சி எண்டு சொல்லி அனுப்பு, பிள்ளை."

மெர்சி, நன்றி, என்று மட்டும் சொன்னேன். கொஞ்சியார் என் முகத்தைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார், போய்விட்டார். ஒரு மனிதர் தனக்குத் தெரிந்த மிக மரியாதையான ஆளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குக் கேட்டது யானைக்கால் என்ற ஒரு வசவு மட்டும்.

அடுத்த நாள் அவர் திரும்பவும் வந்தார். கையில் ஒரு மனூ, நீலத்தில் வெள்ளைப் பூ, புதிது. தன் ஊரில் பெரிய திருநாளுக்கு உடுப்பது, பிஷப்புக்கு முன்னாலும் நிற்கலாம், இதைச் சுற்றிக்கொண்டு உன் அப்பா கிளினிக்குக்குப் போகலாம், ஒருவரும் சிரிக்கமாட்டார்கள் என்று கதவடியில் நின்று என்னிடம் சொன்னார். உள்ளே வரவில்லை. அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்பா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அம்மா அதை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தார். பிறகு, சும்மா கிடக்கிறதே என்று, சமையலறை யன்னலுக்குச் சீலையாகத் தொங்கவிட்டார். கொக்கி கொழுவ மேல் விளிம்பில் வரிசையாகத் துளையும் போட்டார். நல்ல துணி வீணாகக்கூடாது என்ற எண்ணம், அவ்வளவுதான். சந்தில் குப்பை வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்த கொஞ்சியார் அதைக் கண்டார். நான் பல்கனியில் நின்றேன். அவர் கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாளியின் மூடியை மூடிவிட்டு உள்ளே போனார்.

ஓகஸ்டில் ஒரு ஞாயிறு காலை. அப்பாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. என்னை அத்தையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கட்டைப் பிரித்துப் பார்த்த அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். கால் விரல்கள் கறுத்திருந்தன. "கொஞ்சியாரைக் கூட்டிக்கொண்டு வா, ஓடு" என்றார். அவர் பூசைக்கு உடுத்துக்கொண்டு நின்றார். வெள்ளைச் சேட்டு, சிவப்பு மனூ. ஒன்றும் கேட்கவில்லை, போன் அடித்து ராக்சியைக் கூப்பிட்டார். மேலே வந்து அப்பாவைத் தூக்கக் கை நீட்டினார். அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்துப் புத்தி தெளிந்தது.

"லோங்ஸ்" என்றார்.

"ஐயோ, வேண்டாமப்பா. கால் கிடக்கிற கிடையைப் பாருங்கோ."

"பெரியாஸ்பத்திரிக்கெல்லோ போறம். லோங்ஸை எடு."

அம்மா எடுத்தார். அகதி வழக்குக்கென்று வாங்கிய கறுப்பு லோங்ஸ், அதுதான் வீட்டிலேயே திறமானது. நல்ல காலை முதலில் விட்டார். மற்றக் காலை விடும்போது அப்பா போட்ட சத்தத்தில் தம்பி வீறிட்டு அழத் தொடங்கினான். கொஞ்சியார், "வேண்டாம், வேண்டாம், விடுங்கள்" என்று பிரெஞ்சில் சொன்னபடி நின்றார். அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அம்மா அழுதுகொண்டே இழுத்தார். பொத்தானும் பூட்டினார். ஊரில் உத்தியோகத்தர் யாரும் சாரத்தோடு டொக்டரிடம் போனதில்லை. டொக்டர் என்ன நினைப்பார்? அம்மாவின் மனதில் ஓடியது அதுவாகத்தான் இருக்கும். கால் போகப் போகிறதென்று அவருக்குத் தெரியாது, மரியாதை போய்விடும் என்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அப்பாவை வண்டிலில் கிடத்தியதும் ஒரு தாதி கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வெட்ட வேண்டாமெண்டு சொல்லு, பிள்ளை. மெல்லக் கழட்டலாம். திறம் துணி" என்றார் அம்மா.

நான் சொல்லி முடிப்பதற்குள் கத்தரிக்கோல் பாதத்திலிருந்து இடுப்பு வரை போய்விட்டது. அப்பாவுக்கு முதுகுப்பக்கம் திறந்திருக்கும் ஒரு நீலச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். முழங்கால் வரைதான் வந்தது. அந்தக் கோலத்தில் வண்டிலை நீண்ட நடைவழியில் சுவரோரமாக நிறுத்தினார்கள். எத்தனையோ பேர் கடந்து போனார்கள். ஒருவர்கூட அப்பாவைப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் நோ. வீட்டுக்குள் எங்களைச் சிறை வைத்த அந்த நாலு சனம் அங்கே இல்லவே இல்லை.

டொக்டர் வந்து காலைப் பார்த்தார், இரத்தத்தில் சீனி ஏறியிருக்கும் அளவைப் பார்த்தார். இது முன்னமே இருந்திருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இவ்வளவு நாளும் ஏன் வரவில்லை என்று அப்பாவிடம் கேள்."

கேட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

"பஸ் வசதி இல்லை எண்டு சொல்லு" என்றார்.

நான் அதையே சொன்னேன். கிளினிக் எங்கே இருக்கிறதென்று கொஞ்சியாருக்குத் தெரியும். அவர் சுவரோரம் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அம்மா யன்னலில் தொங்கிய மனூவைக் கழற்றித் தோய்த்து, மடித்து, மேலே ஒரு கோப்பையில் வடை வைத்துக் கீழ் வீட்டுக்குக் கொண்டுபோனார். என்ன சொல்லிக் கொடுப்பதென்று அம்மாவுக்கும் தெரியவில்லை, எப்படி மொழிபெயர்ப்பதென்று எனக்கும் தெரியவில்லை. கொஞ்சியார் வடையை அங்கேயே கடித்து, "நல்லது" என்று எங்களிடம் பழகிய தமிழில் சொன்னார். மனூவையும் வாங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிறு அதைத்தான் உடுத்துக்கொண்டு பூசைக்குப் போனார். பெல்ட்டுக்கு மேலே, இடுப்பைச் சுற்றிக் கொக்கித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அம்மா யன்னலடியில் நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய் நெடுநேரம் பாத்திரம் தேய்த்தார். அடுத்த வருடம் கொஞ்சியார் வேலையை விட்டு, வேறு ஊரில் இருந்த தன் மகளோடு இருக்கப் போய்விட்டார். எந்த ஊர் என்று நாங்கள் கேட்டு வைக்கவில்லை.

அப்பா பொய்க்காலோடு வந்தார். வாகனம் நிறுத்துமிடம் ஒன்றில் கூண்டுக்குள் இருக்கிற வேலை கிடைத்தது. வீட்டைக் காப்பாற்றினார், எங்கள் இருவரையும் படிப்பித்தார், என் கலியாணத்தை ஒரு குறையும் இல்லாமல் செய்து வைத்தார். ஆனால் சாரம் உடுத்தவே இல்லை. வேலையால் வந்தும் லோங்ஸ். படுக்கையிலும் லோங்ஸ்.

"வீட்டுக்கைதானே, சாரத்தை உடுத்துங்கோவன். வேர்க்குதெல்லோ" என்று அம்மா கெஞ்சுவார்.

"நடக்கேக்கை பொய்க்காலிலை ஒட்டும்" என்றார் அப்பா ஒருமுறை. "சின்னவன் பாப்பான்."

தம்பி அப்படியே வளர்ந்தான். அப்பாவின் மடி எப்படி இருக்கும் என்று அவனுக்கு ஞாபகமே இல்லை. அந்த ஏணையில் எங்கள் இருவரில் அதிக நாள் கிடந்தவன் அவன்தான் என்று நான் சொல்லும்போதெல்லாம் மற்றவர்களின் கதையைக் கேட்பதுபோலக் கேட்கிறான்.

சில வருடங்களுக்கு முன், பனி கரைகிற நாட்களில் அப்பா போனார். நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். வரிசையாக நின்று கையைப் பிடித்தீர்கள். முன்தினம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. இறுதிச்சடங்கு மண்டபத்தில் வேலை செய்யும் இளைஞன், மிகவும் மரியாதையானவன், அப்பாவுக்கு என்ன உடுத்துவதென்று கேட்டான். தம்பி பட்டு வேட்டி வாங்கி வைத்திருந்தான். எனக்கு மனதில் ஒன்று கிடந்தது.

"அம்மா, சாரம் உடுத்தி விடுவமே? இனியாவது காலாற இருக்கட்டும்" என்றேன்.

"உனக்கென்ன விசரே?" என்றார் அம்மா. "சனம் வரும். லோங்ஸ் போட்டு விடுங்கோ." பையைத் திறந்து கறுப்பு லோங்ஸ் ஒன்றை எடுத்தார். வீட்டிலிருந்து வரும்போதே கொண்டுவந்திருக்கிறார்.

அந்த இளைஞன் தயங்கினான். பெட்டியின் கீழ்ப் பாதியை மூடித்தான் வைப்போம், இடுப்புக்குக் கீழே ஒருவருக்கும் தெரியாது, அதனால் எது விருப்பமோ அதை உடுத்தலாம் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னான். ஒன்பது வயதிலிருந்து செய்கிற வேலைதானே. சொன்னேன்.

அம்மா முழுவதையும் கேட்டார். லோங்ஸை மடியில் வைத்து, வெறுமையாகப் போகிற இடது காலின் கீழ் விளிம்பை உள்ளே மடித்து, ஊசியால் குத்தினார்.

"மூடட்டும், பிள்ளை" என்றார். "எண்டாலும் அவருக்குத் தெரியுமெல்லோ."

அந்த இளைஞன் என் முகத்தைப் பார்த்தபடி நின்றான். நான் அதை அவனுக்குப் பிரெஞ்சில் சொல்லவில்லை. லோங்ஸை வாங்கி அவனிடம் கொடுத்தேன்.